38 வயதில் வந்த சி, டி பெறுபேறுகள்: படிப்பை விடுவதா என்ற கேள்விக்குப் பதில்

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். வயது 38. வெள்ளவத்தையில் வீடு, கோட்டையில் ஒரு இறக்குமதிக் கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஏ.எல். வரை தமிழ் மொழிமூலம். பத்தொன்பது வருட இடைவெளிக்குப் பிறகு, ஞாயிறு வகுப்புகளாக நடக்கும் ஆங்கில மொழிமூல முகாமைத்துவப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் செமஸ்டரில் நான்கு பாடங்கள். பெறுபேறு சி பிளஸ், சி, சி, டி. அந்த டி, அலுவலகத்தில் தினமும் கையாளும் கணக்கியலுக்கே வந்திருக்கிறது. “மனதை எப்படித் தேற்றுவது” என்றுதான் தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் உண்மையான கேள்வி கடைசி வரியில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது: “இனி மண்டையில் ஏறாது என்பதைத்தான் இந்த ரிசல்ட் சொல்கிறதா?” வேலையோடு படிக்கும் பெரியவர்களுக்குப் படிப்பு வழிகாட்டுவது என் தொழில். அந்தக் கடைசி வரிக்கே பதில் எழுதுகிறேன்.

இல்லை என்று ஒரே சொல்லில் முடித்தால் ஆறுதலுக்குச் சொன்னதாக நினைப்பீர்கள். ஆகவே கணக்காகவே காட்டுகிறேன். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 50 கற்றல் மணித்தியாலம். வகுப்பு, வீட்டுப் படிப்பு, அசைன்மென்ட், சோதனைக்கான தயாரிப்பு எல்லாம் இந்த 50க்குள் அடக்கம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 மணித்தியாலம், நான்கு பாடத்துக்கு 600. படிப்பு வாரங்களையும் சோதனை வாரங்களையும் சேர்த்துச் செமஸ்டரை 18 வாரமாக எடுத்தால் கிழமைக்கு 33 மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது. இனி உங்கள் கிழமையைப் பாருங்கள். ஞாயிறு வகுப்பு ஆறு மணித்தியாலம். சனிக்கிழமை கடைத்தெரு, துவையல், பிள்ளைகளின் ரியூசன் எல்லாம் போக நான்கு மணித்தியாலம் மிஞ்சினால் பெரிய விஷயம். வேலை நாட்களில் நான்கு விடியற்காலைகளில் ஒன்றரை மணித்தியாலம் வீதம் ஆறு. மொத்தம் 16. அதாவது பாடத்திட்டம் எதிர்பார்த்த நேரத்தில் பாதிகூட இல்லாமல் மூன்று பாடத்தில் சி எடுத்திருக்கிறீர்கள். இந்தப் பெறுபேற்றில் முதலில் தெரிவது நேரப் பற்றாக்குறை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த 50 மணித்தியாலம் பாடத்திட்டம் வகுப்பவர்கள் வைக்கும் மதிப்பீடு. யாரும் கடிகாரம் பிடித்து அளந்து போட்ட கணக்கு அல்ல. சிலருக்கு ஒரு பாடம் 100 மணித்தியாலத்தில் முடியும். அப்படிக் குறைத்துப் பார்த்தாலும் நான்கு பாடத்துக்குக் கிழமைக்கு 22 மணித்தியாலம் வேண்டும், உங்களிடம் இருப்பது 16. கணக்கு எப்படியும் பொருந்தவில்லை. வேலையோடு படிக்கும் பலர் முதல் செமஸ்டரில் அடிபடுவதற்கு நான் காணும் முதற்காரணம் இதுதான். முழுநேர மாணவருக்காகப் போட்ட சுமையை ஞாயிற்றுக்கிழமைக்குள் மடித்து வைத்துவிட்டு, தாங்கவில்லை என்றதும் தலையைக் குறை சொல்கிறோம்.

அடுத்தது, இந்த நான்கு எழுத்துகளால் நிரந்தரமாகக் கெட்டது எவ்வளவு என்பது. இங்குள்ள பல பல்கலைக்கழகங்களில் சி பிளஸுக்கு 2.3, சிக்கு 2.0, டிக்கு 1.0 என்று வைத்திருக்கிறார்கள். எல்லாம் மூன்று கிரெடிட் பாடங்கள் என்றால் உங்கள் ஜி.பி.ஏ., அதாவது தரப்புள்ளிச் சராசரி, இப்போது 1.83 அளவில் நிற்கும். பட்டம் 90 கிரெடிட் என்றால் மிச்சம் 78. கடைசியில் 2.0 வருவதற்கு அந்த 78இல் சராசரி 2.03 போதும், அதாவது சிக்கு ஒரு மயிரிழை மேலே. இரண்டாம் வகுப்பு கீழ்நிலைக்கு வழக்கமாகக் கேட்கப்படும் 3.0 வேண்டுமென்றால் சராசரி 3.18; பியும் பி பிளஸும் கலந்து வந்தால் எட்டிவிடலாம். மேல்நிலைக்கான 3.3க்கு 3.53 தேவை, அது கடினம். முதல் வகுப்புக்கான 3.7 வேண்டுமென்றால் இனி எழுதும் ஏறக்குறைய ஒவ்வொரு பாடத்திலும் ஏ எடுக்க வேண்டும். நேர்மையாகச் சொன்னால் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. இரண்டாம் வகுப்பின் இரண்டு நிலைகளும் திறந்தே இருக்கின்றன. டியைத் திரும்ப எழுதிச் சியாக்கினால் 3.0க்குத் தேவையான சராசரி 3.14 ஆகக் குறையும். பெரிய வித்தியாசமில்லைத்தான். ஆனால் இத்தனை டிக்கு மேல் இருந்தால் பட்டமில்லை என்ற விதி பல இடங்களில் உண்டு, அதற்காகவே டியை வைத்துக்கொண்டு போகக் கூடாது. ரிப்பீட் எழுதினால் எத்தனை புள்ளி எடுத்தாலும் சிக்கு மேல் போடாத வழக்கமும் பரவலாக இருப்பதால், சியை பியாக்க ரிப்பீட் எழுதலாம் என்ற எண்ணத்தைக் கையேட்டைப் பார்க்காமல் வளர்க்காதீர்கள்.

அளவுகோல் பற்றியும் இரண்டு வரி. ஓ.எல்.இல் 75க்கு மேல் ஏ என்று பழகிய கண்ணுக்கு, உதாரணமாக, 58 என்ற எண் அவமானமாகத் தெரியும். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி எல்.எல்.பி. செய்பவருக்கு 40 சித்தி, 70 முதல் வகுப்பு. அங்கே 58 மதிப்பான புள்ளி. முகாமைக் கணக்காளர் நிறுவனமான சீமாவின் கணினிச் சோதனைகளில் 150க்கு 100 எடுத்தால் சித்தி. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு அளவுகோல். உங்கள் கையேட்டில் எந்த எழுத்து எந்தப் புள்ளி வீச்சு என்று இருக்கும் அட்டவணையைப் பாருங்கள். சி பிளஸுக்கும் பிக்கும் இடையில் நீங்கள் நினைப்பதைவிடக் குறைந்த புள்ளிகளே இருக்கக்கூடும்.

பெறுபேறு வந்த முதல் இரண்டு மூன்று நாளில் செய்ய வேண்டியது, எதையும் தீர்மானிக்காமல் இருப்பது. விரிவுரையாளருக்கு அன்றிரவே மின்னஞ்சல் வேண்டாம், விலகல் படிவமும் வேண்டாம், வகுப்பு வட்ஸ்அப் குழுவில் யாருக்கு என்ன வந்தது என்று தேடவும் வேண்டாம். இது மனத்தைரியம் பற்றிய அறிவுரை இல்லை. குளுகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் பின்னூட்டம் பற்றிய நூற்றுக்கணக்கான பரிசோதனை முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியில் பின்னூட்டம் நன்மையே செய்திருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றில் அது செயலைக் கெடுத்திருந்தது. கவனம் வேலையிலிருந்து “நான் யார், எப்படிப்பட்டவள்” என்ற பக்கம் திரும்பும்போது பயன் குறைகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். எழுத்துத் தரம் மட்டும் கையில் இருக்கும்போது அது உங்களைத் தள்ளுவது அந்தப் பக்கத்துக்குத்தான். எந்தக் கேள்வியில் எத்தனை புள்ளி எதனால் போனது என்ற விவரம் கையில் வந்ததும் கவனம் வேலைக்குத் திரும்பிவிடும். அதனால் அடுத்த படி அந்த விவரத்தைத் தேடுவது.

விடைத்தாளைப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். பல இடங்களில் விடமாட்டார்கள், ஆனால் தொடர் மதிப்பீட்டுப் புள்ளியையும் இறுதிச் சோதனைப் புள்ளியையும் தனித்தனியாகச் சொல்வார்கள். அது தெரிந்தாலே பாதி விளங்கும்: அசைன்மென்டில் நல்ல புள்ளியும் சோதனையில் குறைந்த புள்ளியும் என்றால் பிரச்சினை சோதனை மண்டபத்தில் இருக்கிறது, இரண்டும் குறைவென்றால் பாடம் விளங்கவில்லை அல்லது மொழி இடிக்கிறது. பிறகு வினாத்தாளை எடுத்து, நினைவில் இருப்பதை வைத்து, இழந்த புள்ளிகளைக் காரணவாரியாகப் பிரியுங்கள். படிக்காத பகுதி ஒன்று. படித்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராதது ஒன்று. கேள்வி கேட்டது ஒன்று, நீங்கள் எழுதியது வேறு என்பது ஒன்று. நேரம் முடிந்து தொடாமல் விட்டது ஒன்று. விஷயம் தெரிந்தும் ஆங்கிலத்தில் எழுத வராதது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு புள்ளி எண் போடுங்கள். எல்லாவற்றையும் “இன்னும் கூடப் படிக்கவேண்டும்” என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் வழக்கமான பிழை. நேரம் முடிந்ததால் போன 20 புள்ளியை, இன்னும் ஒரு மாதம் புத்தகம் வாசித்துத் திரும்பப் பெற முடியாது.

கணக்கியல் டி உங்களை அதிகம் சுட்டிருக்கிறது, அதனால் அதில் கொஞ்சம் நிற்கிறேன். கணக்குப் பிரிவில் வேலை செய்பவருக்குக் கணக்கியலில் குறைவது அபூர்வமில்லை. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு கணக்கில் எழுதும் இரட்டைப் பதிவை அலுவலகத்தில் மென்பொருள் தானே செய்கிறது. உங்கள் கையில் இருப்பது இன்வொய்ஸ், வங்கிக் கூற்று, கப்பல் ஆவணம், கடன்கொடுத்தோர் பட்டியல் ஆகியவற்றில் ஒரு பகுதி. சோதனை கேட்பது வேறு: ஒரு பரீட்சை மீதியும் (எல்லாக் கணக்குகளின் மீதிகளையும் கொண்ட பட்டியல்) பத்துப் பன்னிரண்டு மேலதிகத் தகவல்களும் தந்து, அட்டுறு செலவு, முற்கொடுப்பனவு, பெறுமானத் தேய்வு, ஐயக்கடன் ஏற்பாடு எல்லாம் சீராக்கி, இலாப நட்டக் கூற்றையும் நிதி நிலைமைக் கூற்றையும் வெறுங்கையால் தயாரிக்கச் சொல்கிறது. போதாததற்கு, ஏ.எல்.இல் நீங்கள் படித்த காலத்துக்கும் இப்போதைக்கும் இடையில், 2012 ஜனவரியிலிருந்து, இலங்கையின் கணக்கீட்டு நியமங்கள் சர்வதேச நியமங்களை ஒட்டி மாறிவிட்டன. கூற்றுகளின் பெயரும் வடிவமும்கூட மாறின. பழைய வடிவத்தைக் கைப்பழக்கத்தில் எழுதியிருந்தால் விளங்கியிருந்தும் புள்ளி போயிருக்கும். வேலை அனுபவம் “இது தெரிந்த பாடம்தானே” என்று படிப்பு நேரத்தைக் குறைக்கவும் வைக்கிறது. நான்கில் எந்தப் பாடத்துக்கு மிகக் குறைவாக நேரம் கொடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பாடத்துக்கு மருந்து பயிற்சி மட்டுமே. மூன்று மணித்தியாலம், 100 புள்ளி என்றால் வாசிக்கப் பத்து நிமிடம் கழித்து ஒரு புள்ளிக்கு 1.7 நிமிடம், 20 புள்ளிக் கேள்விக்கு 34 நிமிடம். கைத்தொலைபேசியில் 34 நிமிடம் வைத்து, மணி அடித்ததும் பேனாவைக் கீழே வைக்கப் பழகுங்கள். நிதி நிலைமைக் கூற்றின் இரு பக்கமும் பொருந்தவில்லை என்று தேடிக்கொண்டே கால் மணித்தியாலத்தை எரிப்பது மிகப் பொதுவான விபத்து. பொருந்துவதற்கென்று தனியாகக் கிடைக்கும் புள்ளி பெரும்பாலும் சொற்பம். தொடாமல் விட்ட அடுத்த கேள்வியின் முதல் எட்டுப் புள்ளி அதைவிட மலிவு. செய்கைகளைத் தனியாக, இலக்கமிட்டு, கூற்றில் அந்த இலக்கத்தைக் குறித்து எழுதுங்கள். பெறுமானத் தேய்வில் ஒரு எண் பிழைத்தாலும், அந்தப் பிழை எண்ணைச் சரியாகக் கொண்டுபோயிருந்தால் மிச்சப் படிகளுக்குப் புள்ளி போடுவது திருத்துநர்களின் பொது வழக்கம். ஆனால் செய்கை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மொழி விஷயத்தில் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். “எனக்கு ஆங்கிலம் பரவாயில்லை, அலுவலகத்தில் மெயில் எழுதுகிறேன்” என்பது உண்மைதான். ஆனால் நான்கு வரி மெயிலும், ‘டிஸ்கஸ்’ என்று கேட்ட கேள்விக்கு 30 நிமிடத்தில் இரண்டு பக்கம் எழுதுவதும் வேறு வேறு வேலைகள். ‘லிஸ்ட்’ என்றால் பெயர்களை வரிசையாகச் சொன்னால் போதும். ‘எக்ஸ்ப்ளெயின்’ என்றால் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேண்டும். ‘டிஸ்கஸ்’ என்றால் சார்பான வாதமும் எதிரான வாதமும் கடைசியில் உங்கள் நிலைப்பாடும் வேண்டும். தமிழ் மொழிமூலத்தில் படித்தவர்களின் விடைகளில் அடிக்கடி காணும் குறை, டிஸ்கஸ் கேள்விக்கு அழகான லிஸ்ட் எழுதுவது. நல்ல தலைப்பும் புள்ளியிட்ட வரிகளும் இருக்கும், ‘ஏனென்றால்’ இருக்காது. ஒவ்வொரு கருத்துக்கும் மூன்று வாக்கியம் என்று பழகுங்கள்: இது என்ன, ஏன் அப்படி, ஒரு கம்பனியில் எப்படி நடக்கும். மூன்றாவது வாக்கியத்தில் உங்களை அடிக்க இருபது வயதுப் பிள்ளைகளால் முடியாது. துறைமுகத்தில் சரக்கு நின்றால் என்ன செலவு ஏறும் என்பது உங்களுக்குத் தினசரி விஷயம்.

கருத்து விளங்காத இடத்தில் முதலில் தமிழில் வாசியுங்கள், அதில் வெட்கமில்லை. தேசிய கல்வி நிறுவகத்தின் ஏ.எல். கணக்கீட்டு வளநூல்கள் தமிழில் இருக்கின்றன, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தேடலாம். தமிழில் பிடிபட்டதும் அதே பகுதியை ஆங்கிலப் பாடக்குறிப்பில் வாசித்து, ஒரு கொப்பியில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல், கீழே அந்தச் சொல்லை வைத்து ஒரு ஆங்கில வாக்கியம் என்று எழுதுங்கள். சொல்லை மட்டும் எழுதினால் சோதனையில் வாக்கியம் வராது. இன்னொன்று, பெரியவர்கள் மறந்துபோவது: கை. வருடக்கணக்காக விசைப்பலகையில் தட்டிய கைக்கு மூன்று மணித்தியாலம் பேனா பிடிப்பது தண்டனை. இரண்டாவது மணித்தியாலத்தில் எழுத்து சிதைகிறது, வேகம் விழுகிறது, கடைசிக் கேள்வி பாதியில் நிற்கிறது. ஒரு தலைப்பைப் பத்து நிமிடம் எழுதி எத்தனை சொல் வந்தது என்று எண்ணி வையுங்கள். கிழமைக்கு மூன்று நாள் அரை மணித்தியாலம் கையால் விடை எழுதி, ஒரு மாதம் கழித்துத் திரும்ப எண்ணுங்கள்.

படிக்கும் முறையில் எது உறுதியானது, எது சந்தேகத்துக்குரியது என்று பிரித்துச் சொல்கிறேன். உறுதியானது இரண்டு. ஒன்று, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது. ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் செய்த பரிசோதனையில் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நடந்த சோதனையில் முன்னால் நின்றார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு, வாசிப்பைக் குறைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னால் நின்றார்கள். சோதனைக்கு முதல்நாள் இரவு “எல்லாம் தெரியும்” என்று தோன்றிவிட்டு மண்டபத்தில் வெறுமையாவதற்கு விளக்கம் இதில் இருக்கிறது: கண்ணுக்குப் பழகியது நினைவில் தங்கியதாகத் தோன்றும். இரண்டாவது, ஒரே நாளில் ஆறு மணித்தியாலம் படிப்பதைவிட அதையே நாட்களாகப் பிரிப்பது. இரண்டு மாதத்தில் வரும் சோதனைக்கு ஒரு பகுதியைப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டால் போதும். 2013இல் டன்லொஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை மதிப்பிட்டபோது உயர்ந்த பயன் என்று இடம்பிடித்தவை இந்த இரண்டு மட்டுமே. மஞ்சள் பேனாவால் கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் பட்டியலில் போயின. உங்கள் ஃபைலில் எத்தனை பக்கம் மஞ்சளாக இருக்கிறதோ!

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றைத்தான் அதிகம் விற்கிறார்கள். “நீங்கள் கண்ணால் கற்பவரா, காதால் கற்பவரா” என்ற பிரிவினைக்கு ஏற்பப் படித்தால் புள்ளி கூடும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. முயன்றால் திறமை வளரும் என்று நம்பப் பழக்கும் ‘வளர்ச்சி மனப்பாங்கு’ பயிற்சிகளின் விளைவைத் தொகுத்துப் பார்த்தால் மிகச் சிறியது, அதுவும் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளிடம் பார்த்தது. சோதனைக்கு முன் பத்து நிமிடம் பயத்தை எழுதித் தீர்த்தால் புள்ளி கூடும் என்று 2011இல் வந்த ஆய்வு பேர்போனது. பின்னால் வந்த முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. செலவில்லாத விஷயம், செய்து பார்ப்பதில் நட்டமில்லை, நம்பியிருக்க வேண்டாம்.

இனி வயது. புதிய தகவலைக் கையாளும் வேகம் இருபதுகளுக்குப் பிறகு மெல்லமெல்லக் குறைகிறது என்பது உறுதி. சொல்வளமும் பொது அறிவும் அறுபது வரை தாங்கி நிற்கின்றன அல்லது கூடுகின்றன என்பதும் அதே அளவு உறுதி. 20க்கும் 38க்கும் இடையிலான வேகக் குறைவு பியை டியாக்கும் அளவு பெரிதா என்று கேட்டால், நாளாந்த நித்திரைக் குறைவு அதைவிடப் பெரிதாக இருக்கும் என்பதே என் மதிப்பீடு. இதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நள்ளிரவு வரை படித்துவிட்டு ஐந்து மணித்தியாலம் படுப்பதைவிட, ஒன்பதரைக்குப் படுத்து நாலரைக்கு எழும்புவது உங்களுக்கு ஒத்துவரும். இன்னொன்றையும் சோதியுங்கள்: நாற்பதை நெருங்கும்போது கிட்டப் பார்வை தளரும். சிறிய எழுத்தை வாசித்து அரை மணித்தியாலத்தில் தலை வலித்தால், அது மூளைக் களைப்பு என்று நினைக்கிறவர்களுக்குக் கண்ணாடி போதுமாக இருந்த சந்தர்ப்பங்கள் உண்டு.

விரிவுரையாளரிடம் கேட்பதைச் சுருக்கமாக வையுங்கள். பெறுபேற்றை மாற்றச் சொல்லவில்லை என்பதை முதல் வரியிலேயே தெளிவாக்கி, உங்கள் சுட்டெண், பாடக்குறியீடு, பிறகு இரண்டே கேள்வி: “எந்தப் பகுதியில் அதிகம் இழந்தேன்?”, “என்னுடையதைப் போன்ற விடை பி பெற எது சேர்ந்திருக்க வேண்டும்?” இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும். புள்ளி மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது கூட்டல் பிழையும் திருத்தாமல் விட்ட பக்கமும் இருக்கிறதா என்று பார்ப்பது. விடையைப் புதிதாகத் திருத்துவது வேறு நடைமுறை. கணக்கியலில் எல்லாக் கேள்வியும் முடித்த நிச்சயம் இருந்தால் கட்டணம் கட்டலாம். கடைசிக் கேள்வி பாதியில் நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காசுக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்குவேன்.

வீட்டில், ஒன்பதாம் வகுப்பு மகள் “அம்மாவுக்கு எத்தனை?” என்று கேட்டதற்கு மழுப்பியதாக எழுதியிருந்தீர்கள். எழுத்தைச் சொல்லிவிடுங்கள், கூடவே எங்கே போனது, அடுத்த முறை என்ன மாற்றம் என்றும் சொல்லுங்கள். ஓ.எல். நெருங்கும் பிள்ளைக்கு அது எந்த அறிவுரையையும்விடப் பயன்படும். கணவரிடம் கேட்க வேண்டியது ஆறுதலை இல்லை, மணித்தியாலத்தை. சனிக்கிழமை இரண்டிலிருந்து ஆறு வரை உங்களை யாரும் கூப்பிடுவதில்லை என்பதை முன்கூட்டியே பேசி முடிவாக்குங்கள். வீட்டில் இருந்தால் அது நடக்காது. 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் நடை தூரத்தில் இருக்கிறது, திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். மாதத்துக்கு ஒரு போயா (முழுநிலா) விடுமுறையும் கணக்கில் வரட்டும், மூன்று மணித்தியாலப் பழைய வினாத்தாள் ஒன்றை முழுதாகச் செய்ய அதைவிட நல்ல நாள் இல்லை. ரயிலில் நின்றுகொண்டு புதுப் பாடம் படிக்க முயலாதீர்கள். நேற்றுப் படித்ததை மனதுக்குள் சொல்லிப் பார்க்க அந்த இருபது நிமிடம் போதும்.

ஒரு விஷயம் மட்டும் தனி. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்கும் மனம் போகவில்லை என்றால் அது படிப்பு முறையால் தீரும் பிரச்சினை இல்லை. மருத்துவரைப் பாருங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள், தமிழிலும் கதைக்கலாம்.

கடைசியாக, நீங்கள் உண்மையில் எடுக்க வேண்டிய முடிவு. விடுவதா தொடர்வதா என்று பார்க்காமல் எத்தனை பாடம் வீதம் என்று பாருங்கள். மிச்சம் 78 கிரெடிட். செமஸ்டருக்கு இரண்டு பாடம் என்றால் 13 செமஸ்டர், ஆறரை வருடம். மூன்று என்றால் 9 செமஸ்டர், நாலரை வருடம். ஆனால் கிழமைக்கு 25 மணித்தியாலம் கேட்கும். இந்த இரண்டுக்கும் இடையில்தான் உங்கள் வழி இருக்கிறது, இரண்டும் சுகமானதில்லை. என் யோசனை: வரும் செமஸ்டரில் கணக்கியல் ரிப்பீட்டும் இரண்டு புதுப் பாடங்களும். பாடத்துக்கு 100 மணித்தியாலம் என்ற குறைந்த கணக்கில் பார்த்தால் அது கிழமைக்கு 16 மணித்தியாலத்தைக் கொஞ்சம்தான் தாண்டும், தாண்டுவதைப் போயா நாட்கள் தாங்கும். புதுப் பாடங்கள் இரண்டிலும் பி வகைப் பெறுபேறு வந்தால் அடுத்ததில் மூன்று புதுப் பாடமாக ஏற்றலாம். சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே பாடங்களோடு குழுவாக நகரும் வகைப் படிப்பு என்றால் பாடத்தைக் குறைக்க விடமாட்டார்கள். அப்போது நான்கையும் ஒரே மாதிரி இழுக்காமல், கணிதம், புள்ளிவிபரவியல் போன்று பின்னால் வரும் பாடங்களுக்கு அடித்தளமான இரண்டில் நேரத்தைக் கொட்டி, மற்ற இரண்டில் சியுடன் நிறுத்துங்கள். பதிவுக்கு முன் கையேட்டில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள்: பட்டத்தை முடிக்க அனுமதிக்கும் அதிகபட்ச வருடங்கள், ஒரு செமஸ்டருக்குப் பதிய வேண்டிய குறைந்தபட்சக் கிரெடிட், ரிப்பீட்டுக்கான தனி விண்ணப்பத் திகதி. மூன்றாவது சாதாரணப் பதிவுத் திகதிக்கு முன்னாலேயே முடிந்துவிடக்கூடும்.